ஒரு கிராம் தொட்டிக்கரியின் பரப்பை எந்த வாயுவால் அளப்பது?

காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் (நீராவியால் நுண்துளைகள் உண்டாக்கிய கரி) செய்யும் ஒருவர் சென்ற ஆண்டு இரண்டு சான்றிதழ்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒரே மூட்டையிலிருந்து அள்ளிய மாதிரி. அனுப்பியது இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு. ஒன்றில் பரப்பு கிராமுக்கு 1240 சதுர மீட்டர். மற்றதில் 975. "இதில் யார் சார் பொய் சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. மூலத் தரவை வரவழைத்துப் பார்த்தேன். இரண்டு கருவிகளும் ஒழுங்காகவே ஓடியிருந்தன. ஒரு கூடம் எடுத்த ஒற்றை வாசிப்பு, எந்த அழுத்தத்தில் எவ்வளவு வாயு ஒட்டியது என்று மற்றக் கூடம் வரைந்த வளைகோட்டின்மேல் பிசகாமல் உட்கார்ந்தது. அந்தக் கோட்டின் எந்த இடத்தில் நின்று கணக்குப் போட்டார்கள் என்பதில்தான் 265 சதுர மீட்டர் காணாமல் போயிருந்தது. எந்த அளவீட்டுக்குப் பணம் கட்டுவது என்று யோசிக்கும் ஆலைக்காரர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. களத்துமேட்டில் நெல்லை ஒற்றை அடுக்காகப் பரப்பினால், எத்தனை மணி பிடித்தது என்ற எண்ணிக்கையையும் ஒரு மணி அடைக்கும் இடத்தையும் பெருக்கிக் களத்தின் பரப்பைச் சொல்லிவிடலாம். வாயுப் பரப்புக் கவர்தல் முறையும் இதுதான். கரியை வெற்றிடத்தில் சூடாக்கி, அதில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் வாயுக்களையும் விரட்டுகிறோம். பிறகு அந்தக் கண்ணாடிக் குழாயைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, 77 கெல்வினில் நைட்ரஜன் வாயுவைச் சிறிது சிறிதாக உள்ளே விடுகிறோம். ஒவ்வொரு தவணையிலும் எவ்வளவு வாயு பரப்பில் ஒட்டிக்கொண்டது என்று அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறோம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு பிடிக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒற்றை அடுக்காக ஒட்டிய ஒவ்வொரு கன சென்டிமீட்டர் வாயுவும் (0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கணக்கிட்டது) 4.35 சதுர மீட்டர் பரப்பைக் குறிக்கும்.

ஒற்றை அடுக்கு எங்கே முடிந்து, அதன்மேல் இரண்டாவது அடுக்கு எங்கே ஏறுகிறது என்பதைப் பிரித்துச் சொல்லும் சமன்பாட்டை 1938இல் புருனவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் வெளியிட்டார்கள். பி.இ.டி. என்று நாம் சொல்வது அவர்களின் முதலெழுத்துகளை. முதல் இருவரும் வாஷிங்டனில் அம்மோனியா தயாரிப்புக்கான இரும்பு வினையூக்கியின் பரப்பை அளக்க முயன்றுகொண்டிருந்தவர்கள். மூன்றாமவர் பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டோடு பெயர் சேர்ந்துபோன அதே எட்வர்ட் டெல்லர். சமன்பாடு எழுதப்பட்டது திறந்த, ஏறக்குறைய சமதளமான பரப்புகளுக்கு. தொட்டிக்கரியின் பரப்போ, 2 நானோமீட்டருக்கும் குறுகிய நுண்துளைகளின் சுவர்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. களத்துமேட்டில் எலி வளை இருந்தால் நெல் பரவாது. வளைக்குள் கொட்டி நிரம்பும். அப்போது மணிகளை எண்ணினால் கிடைப்பது வளையின் கொள்ளளவு. தொட்டிக்கரி விஷயத்தில் வரும் தகராறுகளில் பாதி இந்த எலி வளையில்தான் தொடங்குகிறது.

அயோடின் எண் போதுமா?

ஆலைகளில் முதலில் பார்ப்பது இதைத்தான். கரைசலில் மீந்து நிற்கும் அயோடினின் செறிவு 0.02 நார்மலாக இருக்கும் நிலையில், ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடித்தது என்பதே அயோடின் எண். பியூரெட்டும் தயோசல்பேட்டும் மாவுக் கரைசலும் போதும்; ஒரு வேதியியல் பட்டதாரி ஒரு முற்பகலில் முடித்துவிடுவார். நல்ல தொட்டிக்கரிக் கார்பனில் இந்த எண் ஆயிரத்தை ஒட்டி வருவதாலும், பி.இ.டி. பரப்பும் அதே வட்டாரத்தில் விழுவதாலும் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்று மில்லிகிராம், மற்றது சதுர மீட்டர். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுவது தற்செயல். கார்பனை அமிலத்தில் ஊறவைத்தாலோ, அதன்மேல் வெள்ளி ஏற்றினாலோ, பரப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்போதே அயோடின் எண் நகர்ந்துவிடும்.

ஆனாலும் இந்த எண்ணை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். குடிநீர் வடிகட்டிக்கு விற்கும் கரியில், உலையில் இன்றைக்கு நீராவி சரியாகப் பாய்ந்ததா என்று பார்க்க இதைவிட மலிவான, விரைவான வழி இல்லை. ஒரே ஆலை, ஒரே மூலப்பொருள், ஒரே முறை என்றிருக்கும்வரை நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடலாம். அந்த வட்டத்தைத் தாண்டி இழுத்தால் அது தாங்காது.

ஒற்றைப் புள்ளியா, முழுக் கோடா?

இப்போது அந்த இரண்டு சான்றிதழ்களுக்கு வருகிறேன். 975 என்று எழுதிய கூடம் ஒற்றைப் புள்ளி முறையில் அளந்திருந்தது. சார்பு அழுத்தம் (வாயு திரவமாகும் நிறைவு அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பது) 0.3இல் ஒரே ஒரு வாசிப்பு. அரை மணியில் முடிந்துவிடும், கட்டணமும் குறைவு. 1240 என்று எழுதிய கூடம் கோட்டை முழுவதும் வரைந்து, அதில் பொருந்தும் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டிருந்தது.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். அந்தக் கரி, சார்பு அழுத்தம் 0.05இல் கிராமுக்கு ஏறக்குறைய 300 கன சென்டிமீட்டர் வாயுவைப் பிடித்திருந்தது, 0.3இல் 320. அதாவது ஆரம்பத்திலேயே துளைகள் நிரம்பிவிட்டன. பிறகு கோடு படுத்துவிட்டது. ஒட்டிய வாயுவை, ஒன்றிலிருந்து சார்பு அழுத்தத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 0.05இல் 300 பெருக்கல் 0.95, விடை 285. 0.3இல் 320 பெருக்கல் 0.7, விடை 224. இரண்டையும் 4.35ஆல் பெருக்கினால் 1240, 975. மர்மம் இவ்வளவுதான்.

இந்தப் பெருக்குத்தொகை அழுத்தம் ஏற ஏற ஏறிக்கொண்டே போகும் பகுதியில்தான் பி.இ.டி. சமன்பாட்டைப் பொருத்தலாம், இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது பிரெஞ்சு விஞ்ஞானி ரூக்கெரோல் வகுத்த விதி. கூடவே, பரப்பு வாயுவை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் காட்ட, கணக்கில் வரும் சி என்ற மாறிலி எதிர்மறையாக வரக்கூடாது. பழைய பாடநூல்கள் சொல்லும் 0.05 முதல் 0.3 வரையிலான வீச்சு சிலிக்கா, அலுமினா போன்றவற்றுக்குப் பொருந்தும். நுண்துளைக் கரிக்கு அதை அப்படியே போட்டால் பரப்பு குறைந்தே வரும். ஆகவே தொட்டிக்கரிக்கு ஒற்றைப் புள்ளி அளவீட்டில் செலவழிக்கும் பணம் தண்டம் என்பது என் கட்சி. கார்பன் பிளாக், அலுமினாத் தூள் என்று நுண்துளை இல்லாத பொருளுக்கு, தினசரித் தரப் பரிசோதனைக்கு அது போதும். அங்கே சி நூறை ஒட்டி இருக்கும். ஒற்றைப் புள்ளியால் வரும் பிழை இரண்டு சொச்சம் சதவீதம்தான்.

முழுக் கோட்டையும் வாங்கிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 61 ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே 18 கோடுகளைக் கொடுத்து, பரப்பைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அளவீடே இல்லை, வெறும் கணக்கு. அப்படியும் விடைகள் சிதறின. புள்ளிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம்தான் காரணம். ஆகவே ஆய்வுக்கூடத்திடம் வெறும் எண்ணை வாங்காதீர்கள். எந்த அழுத்த வீச்சு, சி எவ்வளவு, வாயு நீக்கம் எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் என்பதையும், புள்ளிகளின் அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் வேறு கூடம் பாருங்கள்.

துளைக் கொள்ளளவும் இதே கோட்டில் கிடைக்கிறது. சார்பு அழுத்தம் 0.95ஐ ஒட்டிய இடத்தில் பிடித்த வாயுவின் அளவை 0.00155ஆல் பெருக்கினால், அது திரவமாகத் துளைகளை நிரப்பிய கன அளவு வந்துவிடும். 350 என்றால் கிராமுக்கு 0.54 கன சென்டிமீட்டர். பரப்பைவிட இந்த எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். வளை நிரம்பியதை நிரம்பியதாகவே சொல்கிறது. அடுக்கு, படலம் என்று கற்பனை எதுவும் வேண்டியதில்லை.

நைட்ரஜனா, ஆர்கானா?

நைட்ரஜனின் பலம் அது எங்கும் கிடைப்பது. திரவ நைட்ரஜன் கால்நடை மருந்தகத்துக்கே வருகிறது. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் கிடப்பது அதில்தான். எங்கள் ஊர் மருந்தகத்தில் நிற்பதும் ஆய்வுக்கூடத்தில் நிற்பதும் அண்ணன் தம்பி போன்ற குடுவைகள். வாயு மலிவு, பழகிய கை நிறைய, ஒப்பிடுவதற்கு எண்பது ஆண்டுத் தரவு.

பலவீனமும் உண்டு. நைட்ரஜன் மூலக்கூறு உருண்டையானதில்லை. மின்னூட்டம் அதற்குள் சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. ஆகவே ஹைட்ராக்சில் தொகுதிகளோ உலோக அயனிகளோ இருக்கும் பரப்பில் அது தன் இஷ்டப்படி படுக்காது. ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கும். அப்படி நிற்கும்போது அது பிடிக்கும் இடம் 0.162 இல்லை. சிலிக்காவில் பரப்பு 20 சதவீதம்வரை கூடுதலாக வந்துவிடுவது இதனால்தான். ஜியோலைட்டில் (நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் படிகம்) இன்னொரு தொல்லை: துளை நிரம்புவது சார்பு அழுத்தம் ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற அதலபாதாளத்திலேயே தொடங்கிவிடும். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் வாயு பரவுவதும் ஆமை வேகம், அளப்பதும் கடினம்.

ஆர்கானை அதன் கொதிநிலையான 87 கெல்வினில் பயன்படுத்தினால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் விலகிவிடுகின்றன. தனி அணு, உருண்டை, எதனோடும் சிறப்பான ஒட்டுறவு இல்லை. ஒரே துளை இன்னும் அதிக அழுத்தத்தில் நிரம்புவதால் கருவிக்கும் நமக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2015 அறிக்கையில் நுண்துளைகளின் அளவை ஆராய ஆர்கானைப் பரிந்துரைத்தது இதற்காகவே. காற்றில் ஆர்கான் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் திரவ ஆர்கான் விலை கூடியது. சிறு ஊர்களில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த, திரவ நைட்ரஜனிலேயே அமிழ்த்தி 77 கெல்வினில் ஆர்கானை அளக்கலாமே என்று சிலர் இறங்குகிறார்கள். அது ஆர்கானின் உறைநிலைக்கும் கீழே. சார்பு அழுத்தத்தை எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்பதே அங்கே குழப்பம். இரண்டு வழியின் கெடுதலும் சேர்ந்து வரும், வேண்டாம்.

தொட்டிக்கரிக்கு ஆர்கான் கட்டாயமா? என் பார்வையில் இல்லை. கரியின் சுவர் பெரும்பாலும் வெறும் கார்பன். நைட்ரஜன் அங்கே அவ்வளவாக முறைத்துக்கொள்வதில்லை. ஜியோலைட், உலோகக் கரிம வலைப்பின்னல்கள் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த துளைப் பொருள்கள்), அமிலத்தில் நன்றாக ஆக்சிஜனேற்றிய கரி என்றால் ஆர்கானுக்குச் செலவழிக்கலாம்.

கார்பன் டைஆக்சைடை மறக்கவேண்டாம்

கரிக்காரர்கள் ஆர்கானைவிட முதலில் நினைக்கவேண்டியது இதை. நைட்ரஜன் மூலக்கூறின் குறுக்களவு 0.36 நானோமீட்டர், கார்பன் டைஆக்சைடுக்கு 0.33. வித்தியாசம் மயிரிழை. ஆனால் நைட்ரஜன் உள்ளே போகவேண்டியது 77 கெல்வினில், ஏறக்குறைய மைனஸ் 196 டிகிரியில். அந்தக் குளிரில் மிகக் குறுகிய துளையின் வாயில் அது திணறி நின்றுவிடுகிறது. கருவியோ "சமநிலை வந்துவிட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறது. கார்பன் டைஆக்சைடை அளப்பது 273 கெல்வினில், வெறும் ஐஸ் தண்ணீரில். மூலக்கூறுகளுக்கு ஓடியாடும் சூடு இருக்கிறது, 0.4 நானோமீட்டர்த் துளைக்குள்ளும் சில மணி நேரத்தில் புகுந்துவிடுகின்றன.

காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் கார்பன் மூலக்கூற்றுச் சல்லடை இதற்கு நல்ல உதாரணம். அதன் துளை வாய்கள் வேண்டுமென்றே இறுக்கப்பட்டவை. ஆக்சிஜன் விரைந்து நுழையும், நைட்ரஜன் பின்தங்கும், அதுதான் அதன் தொழில். அப்படிப்பட்ட பொருளின் பரப்பை நைட்ரஜனாலேயே அளக்கப் போனால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று விடை வரும். பொருள் கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கிப்போடுகிற ஆட்களும் உண்டு. உலையில் அரைகுறையாக வெந்த கரிக்கும் இதே கதி.

இதற்கு எல்லையும் இருக்கிறது. 273 கெல்வினில் கார்பன் டைஆக்சைடின் நிறைவு அழுத்தம் சுமார் 34 வளிமண்டலம். சாதாரணக் கருவி ஒரு வளிமண்டலம்வரைதான் போகும். ஆகவே சார்பு அழுத்தம் 0.03ஐத் தாண்டாது. ஒரு நானோமீட்டருக்கு மேற்பட்ட துளைகள் இதன் கண்ணில் படாது. நைட்ரஜன் கோட்டையும் கார்பன் டைஆக்சைடு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வழி. இரண்டும் சொல்லும் நுண்துளைக் கொள்ளளவு ஒத்துப்போனால் நிம்மதி. கார்பன் டைஆக்சைடு அதிகமாகச் சொன்னால் துளை வாய்கள் குறுகலாக இருக்கின்றன. நைட்ரஜன் அதிகமாகச் சொன்னால் துளைகள் அகன்றுவிட்டன. ஜியோலைட்டிலும் ஆக்சைடுகளிலும் இந்த வாயுவைத் தொடவேண்டாம். நைட்ரஜனைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும்.

மற்ற இரண்டு

கிரிப்டான், கிராமுக்கு ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த பரப்புள்ள பொருள்களுக்கு. 77 கெல்வினில் அதன் நிறைவு அழுத்தம் இரண்டரை மில்லிமீட்டர் பாதரசம் அளவே; குழாயின் வெற்றிடத்தில் வீணாக நிற்கும் வாயு குறைந்து, ஒட்டிய சொற்ப வாயு தெளிவாகத் தெரியும். மருந்துத் தூள், உலோகத் தூள், மெல்லிய படலம் ஆகியவற்றுக்கு நல்லது. கரிக்கு வேலையில்லை.

பாதரசத்தை அழுத்தி ஏற்றும் முறை பெருந்துளைகளுக்கானது. சுமார் 4000 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் 3 நானோமீட்டருக்குக் கீழே போகாது. கரித்துண்டுக்குள் நீர் எவ்வளவு வேகமாக ஊடுருவும் என்பதை முடிவுசெய்யும் பெருவழிகளை வாயு முறை காட்டாது, இது காட்டும். மாதிரி பிறகு நஞ்சு, கூடத்துக்கும் தலைவலி.

வாயுவைவிடப் பெரிய பிழை

எந்த வாயு என்று இவ்வளவு பேசினாலும், பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் எடைபோடும் இடத்தில் நடந்தவை. நானும் ஒருமுறை செய்தேன். ஐப்பசி மழையில் வந்த கரி. 0.1 கிராம் எடுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு வாயு நீக்கத்துக்கு ஏற்றினேன். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். தண்ணீர் வெற்றிடக் குழாயோடு போய்விட்டது. நோட்டில் எழுதிய எடை மட்டும் அப்படியே நின்றது. பரப்பு பத்து சதவீதம் குறைந்து வந்தது. உலையைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் போன பிறகுதான் தராசைச் சந்தேகப்பட்டேன். வாயு நீக்கம் முடிந்தபின் குழாயோடு சேர்த்து எடைபோட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழிக்க வேண்டும். தொட்டிக்கரிக்கு 300 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு வைத்தால் கவலையில்லை. உலோகக் கரிம வலைப்பின்னலை அந்தச் சூட்டில் வைத்தால் பல வகைகள் சரிந்துவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே சூடு என்று பட்டியல் ஒட்டிவைத்திருக்கும் கூடத்தைக் கண்டால் எச்சரிக்கை.

துளை அளவுப் பரம்பலை, அதாவது எந்த அளவுத் துளை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1951இல் பாரெட், ஜாய்னர், ஹலெண்டா மூவர் வெளியிட்ட பி.ஜே.எச். கணக்கு இன்னும் எல்லாக் கருவியின் மென்பொருளிலும் பொத்தானை அழுத்தியதும் வந்து நிற்கிறது. நுண்துளைக்கு அது பொருந்தவே பொருந்தாது; 2 முதல் 10 நானோமீட்டர்வரையான இடைத்துளைகளையும் உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். வாயு வெளியேறும் கோட்டில் அதைப் போட்டால் 4 நானோமீட்டரை ஒட்டி ஓர் அழகான சிகரம் எழும். நைட்ரஜன் திரவம் சார்பு அழுத்தம் 0.42 வாக்கில் தானாக அறுந்து ஆவியாவதால் வரும் மாயை அது; துளை அங்கே இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்தச் சிகரத்தைக் கண்டுபிடிப்பாக எழுதிய ஆய்வேடுகள் என் அலமாரியிலேயே இரண்டு இருக்கின்றன. கரிக்கு, பிளவு வடிவத் துளையை வைத்துச் செய்த அடர்த்திச் சார்பியக் (டி.எஃப்.டி.) கணக்கைக் கேளுங்கள்; துளைக்குள் வாயுவின் அடர்த்தி எப்படிப் பரவும் என்று பார்க்கும் கணக்கு அது.

அவரிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: 1240ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதோடு அழுத்த வீச்சையும் சி மதிப்பையும் எழுதி வாங்குங்கள், வாயு பிரிக்கும் கரி செய்யும் எண்ணம் இருந்தால் அடுத்த முறை கார்பன் டைஆக்சைடையும் சேர்த்துக் கேளுங்கள். தலையாட்டினார். சரி, வாங்குகிறவர் என்ன கேட்டிருக்கிறார் என்று பார்ப்போமே என்று கொள்முதல் ஆணையை நீட்டச் சொன்னேன். குடிநீர் வடிகட்டிக்கான கரி. அயோடின் எண் 1000க்குக் குறையக்கூடாது, கடினத்தன்மை, ஈரம், சாம்பல், சல்லடை அளவு. பரப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அப்போ இந்த ரெண்டு சான்றிதழும்?" என்றார்.

"அவர் கேட்கவே இல்லையே அண்ணா" என்றேன். இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பியூரெட் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார்.